இரண்டு கன்னிமாராக்கள், ஒரு கஞ்சித்தொட்டி

கன்னிமாரா என்றதும் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிற நூலகம்தான் ஞாபகம் வரும். 1896இல் திறந்தது. பையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனால் சாயங்காலம்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். தமிழில் எழுதுகிற பாதிப்பேர் வேலையில்லாத காலத்தை அங்கேதான் கழித்திருக்கிறார்கள். இதே பெயரில் இன்னொரு கட்டடம் அண்ணா சாலையை ஒட்டிப் பின்னி சாலையில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற, வளைவுகளை மழுங்கச் சீவிய கட்டடம். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். முதல் கன்னிமாராவுக்குள் யாரும் போகலாம். இரண்டாவதற்குள்ளும் யாரும் போகலாம் என்றுதான் அரசியல் சாசனம் சொல்கிறது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடைகளையும் உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அதனால் அங்கே யாரும் நம்மைத் தடுப்பதில்லை. நாமே போவதில்லை.

இந்த 'நாமே போவதில்லை' எப்படி உற்பத்தியாகிறது? 'வரலாற்றுச் சிறப்புமிக்க ஆடம்பர ஹோட்டல்' என்கிற சரக்கு எப்படித் தயாரிக்கப்படுகிறது? இவற்றை வடசென்னையில் நின்றுகொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ராயபுரத்திலிருந்து பார்த்தால் இந்த ஹோட்டலின் வரலாற்றில் வரும் பெயர்கள் எல்லாமே வேறொரு கதையிலும் வருவது தெரியும்.

முதலில் பெயர். ராபர்ட் பூர்க் என்பவர் 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னர். 1887இல் அவருக்குக் கிடைத்த பிரபுப் பட்டம் கன்னிமாரா. அது அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஒரு பிரதேசம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது, மிஞ்சியவர்கள் கப்பலேறியது அங்கேதான். பட்டினியின் ஊர்ப்பெயர் ஒரு பிரபுவின் பெயராகி, அது சென்னையில் ஆடம்பரத்தின் பெயராகிவிட்டது. நம் ஜனங்கள் நாக்கில் அது கன்னிமாரா ஆனது இன்னொரு விசேஷம். காலனிய எஜமானனின் பட்டம் ஏரிக்கரையில் ஏழு கல்லாக உட்கார்ந்திருக்கும் கன்னிமாரோடு ஒட்டிக்கொண்டது. இதைத் திட்டமிட்ட எதிர்ப்பு என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு தன் போக்கில் செய்கிற வேலை இது.

ஹோட்டலின் கதைச் சுருக்கம் இது. ரத்தினவேலு முதலியார் என்பவர் 1854இல் இம்பீரியல் ஹோட்டல் என்று தொடங்கினார். 1886இல் குத்தகை கைமாறி ஆல்பனி ஆனது. 1890 வாக்கில் கன்னிமாரா. 1891இல் பக்கத்துக் கடையான ஸ்பென்ஸரின் முதலாளி யூஜின் ஓக்‌ஷாட் வாங்கினார். 1930களில் ஆர்ட் டெகோ பாணியில் திருத்திக் கட்டினார்கள். 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மறுபடி மாற்றியமைத்தார். 1984இல் நிர்வாகம் தாஜ் குழுமத்திடம் வந்தது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2018இல் திரும்பத் திறந்தது. கவர்னரின் மனைவி சண்டை போட்டுக்கொண்டு மாளிகையைவிட்டு இந்த ஹோட்டலுக்கு வந்துவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. விவாகரத்து நடந்தது நிஜம். 1890இல் அது லண்டன் கோர்ட்டில் நாறியது. அந்த அம்மாள் டல்ஹௌசி பிரபுவின் மகள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். 1853இல் இந்தியாவுக்கு ரயில் வேண்டும் என்று குறிப்பு எழுதிய அதே டல்ஹௌசி. மூன்று வருஷம் கழித்து, 1856இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது.

இப்படிப்பட்ட ஹோட்டல்கள் அறையை மட்டும் விற்பதில்லை. எல்லா நகரத்திலும் குளிரூட்டிய நல்ல அறை உண்டு. இங்கே கூடுதல் விலைக்கு விற்பது காலம். அதுவும் வடிகட்டிய காலம். கவர்னர், கவர்னரம்மாள், நடன விருந்து, பழுப்பேறிய புகைப்படம், தேக்கு நாற்காலி ஆகியவை வடிகட்டியில் தங்கும். விசிறி இழுத்த பங்காக்காரன், சட்டி சுமந்த தோட்டி, துணி அடித்த வண்ணான், படகிலிருந்து துரைசாணியைத் தோளில் தூக்கி இறக்கிய மீனவன் எல்லாரும் கீழே ஒழுகிவிடுவார்கள். ஒழுகியே தீரவேண்டும். அவர்களும் உள்ளே இருந்தால் தங்குகிறவருக்குத் தூக்கம் வராது. வரலாறு ஒரு சொகுசுப் பொருளாக வேண்டுமானால் முதலில் அதிலிருந்து உழைப்பை எடுத்துவிட வேண்டும்.

'சூட்' என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கிற அறை, உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கிற அறை, சில இடங்களில் சாப்பிடுகிற அறையும் சேர்ந்து, ஒரே கதவுக்குள் தொடர்ச்சியாக இருந்தால் அது சூட். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 'பின்தொடர்' என்பது வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அதற்கு முதலில் இருந்த அர்த்தம் அறைகள் இல்லை, பரிவாரம். ராஜாவுக்குப் பின்னால் வருகிற ஆட்கூட்டம். பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அறைகளுக்கு அந்தப் பெயர் போனது. சொல்லில் மனிதர்கள் இருந்த இடத்தில் சுவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆனால் பரிவாரம் இல்லாமல் சூட் இயங்காது. அதைக் கண்ணில் படாமல் வைத்திருப்பதற்கென்றே ஒரு கட்டடக்கலை இருக்கிறது. தனி லிப்ட், தனிப் படிக்கட்டு, சுவருக்குப் பின்னால் இன்னொரு நடைபாதை. விருந்தினர் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினதும் ஆட்கள் உள்ளே புகுந்து, அவர் திரும்புவதற்குள் மறைந்துவிட வேண்டும். சாயங்காலம் விரிப்பை ஒரு மூலையில் மடித்து, விளக்கைத் தணித்து, தலையணையருகே ஒரு இனிப்பு வைத்துவிட்டுப் போகவேண்டும். யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும், யார் என்பது தெரியக் கூடாது.

இது இந்த ஒரு ஹோட்டலைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. இந்தத் தொழிலின் பொதுவான நடைமுறை. ஒரு ஷிப்டில் ஒருவருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு அறைகள்வரை என்பது உலகம் முழுக்க வழங்குகிற கணக்கு. சூட் என்றால் அதை ஒன்றாக எண்ணாமல் இரண்டாகவோ அதற்கு மேலோ எண்ணுவார்கள். பரிவாரம் என்ற பழைய அர்த்தம் வேலைப் பட்டியலில் இன்னும் உயிரோடிருக்கிறது.

அரசாங்கம் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. மத்திய சுற்றுலாத் துறை 'பாரம்பரிய ஹோட்டல்' என்றே ஒரு வகை வைத்திருக்கிறது. 1935க்கும் 1950க்கும் இடையில் கட்டியது ஒரு படி, 1920க்கும் 1935க்கும் இடையில் இன்னொரு படி, 1920க்கு முந்தியது உச்சப்படி. எந்தெந்தக் கட்டடங்கள் இதில் வரலாம்? அரண்மனை, கோட்டை, ஹவேலி, வேட்டை மாளிகை, குடியிருப்பு. மில் இல்லை, கூலி லைன் இல்லை, சத்திரம் இல்லை, துறைமுகக் கிடங்கு இல்லை. பாரம்பரியம் என்பது வயதைப் பொறுத்த விஷயமாகத் தோன்றும். பட்டியலைப் படித்தால் அது யார் குடியிருந்தார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் என்று புரியும். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஹோட்டலைவிட இரண்டே வயதுதான் குறைவு.

சரி, ராயபுரத்துக்கு வருவோம். இங்கேயும் ஒரு தங்குமிடம் இருந்தது. இம்பீரியல் ஹோட்டலைவிட எழுபது வருஷம் மூத்தது. ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தில் கிராமங்கள் எரிந்து, பஞ்சம் பிழைக்க ஜனங்கள் பட்டணத்தை நோக்கி வந்த 1782இல், வடக்கு மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றுகிற இடமாக அது தொடங்கியது. மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் மோனிகர் சௌல்ட்ரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதோடு மருத்துவமனையும் சேர்ந்தது. அந்த மருத்துவமனை வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. 1938இல் மருத்துவக் கல்லூரி வந்து ஒரு கவர்னரின் பெயர் ஒட்டிக்கொண்ட பிறகும், வடசென்னையில் வயசானவர்கள் ரொம்ப நாள்வரைக்கும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டில் இருப்பது கவர்னர், நாக்கில் இருப்பது கஞ்சித்தொட்டி. சென்னையின் பஞ்ச வரலாற்றைப் பாதுகாத்த ஆவணம் இந்த ஒரு சொல் என்றுகூட எனக்குத் தோன்றும்.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் என்ன நடந்தது என்பதற்கு எழுத்து ஆவணமும் உண்டு, படமும் உண்டு. ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி எலும்புக்கூடாகிப்போன மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோலக் கிடந்தன. பஞ்ச நிவாரணம் என்று சொல்லிக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கால்வாயை வெட்ட வைத்தார்கள். அதுதான் எண்ணூரிலிருந்து வரும் பழைய கால்வாயோடு சேர்ந்து கவர்னர் பக்கிங்காம் பெயரில் இன்றும் ஓடுகிறது, அல்லது தேங்கிக் கிடக்கிறது. பின்னி சாலை ஹோட்டலுக்கு அந்தச் சமயம் இருபது வயசு தாண்டியிருந்தது. 'பழைய சென்னை' என்று பாரம்பரிய ஹோட்டல்களின் சுவர்களில் தொங்குகிற பழுப்புப் படங்களும் ஹூப்பரின் படங்களும் ஒரே ரசாயனத்தில் கழுவப்பட்டவை. சேர்த்து மாட்டினால்தான் அது சென்னை. மாட்டுவார்களா?

சத்திரத்தை ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் கூடாது. காசு வாங்காத தங்குமிடம் என்பதால் நம் பண்பாட்டின் தாராளம், ஹோட்டல் மேற்கத்திய வியாபாரம் என்று பேசுகிற ஒரு கும்பல் உண்டு. சத்திரங்களில் யாருக்கு உள்ளே சோறு, யாருக்கு வெளியே, யாருக்குக் கிடையவே கிடையாது என்பது சாதிப்படி தீர்மானமானது. அங்கே பணத்துக்கு வேலை இல்லை, பிறப்புக்கு வேலை இருந்தது. சாப்பாட்டுக் கடைகளிலும் அதே கதைதான். 'பிராமணாள்' என்று பலகை மாட்டியதை எதிர்த்துப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள்.

தாஜ் குழுமத்தின் தொடக்கக் கதையும் வாசலில் தடுக்கப்பட்டதைப் பற்றியதுதான். பம்பாயில் வெள்ளைக்காரர்களின் வாட்சன் ஹோட்டலில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவை விடவில்லையாம், அந்த ரோஷத்தில் அவர் 1903இல் திறந்த ஹோட்டலைக் கட்டினாராம். இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருந்தும் கதை சாகவில்லை. ஏனென்றால் ஆடம்பரத்துக்கு ஒரு அவமானக் கதை தேவைப்படுகிறது. அது சொகுசைத் தேசபக்தியாக்கிவிடும். ஆதாரத்தோடு கூடிய கதை வேறொன்று உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு இந்து ஹோட்டல்களில் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. அவரே எழுதிவைத்திருக்கிறார். டாட்டாவுக்கு விடை ஹோட்டலாக வந்தது. அம்பேத்கரின் விடை 15ஆம் பிரிவில் ஹோட்டல் என்ற சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. நம் விமர்சனம் இந்தச் சொல்லை மறந்துவிட்டு 'ஆடம்பரம் பாவம்' என்று காந்திய எளிமையில் போய் விழுந்துவிடக் கூடாது. நல்ல படுக்கை, சுத்தமான கக்கூஸ், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க ஒரு அறை. பத்துக்குப் பத்தில் ஆறு பேர் படுக்கிற தண்டையார்பேட்டைக்காரருக்கு இவை பாவமில்லை. ஆசைப்பட வேண்டிய விஷயங்கள்தாம்.

பணம் மட்டுமா வாசலைக் காக்கிறது? உடையும் காக்கிறது. 2014இல் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அன்றைய பேச்சு முழுக்க வேட்டியைப் பற்றி, தமிழ் மானத்தைப் பற்றி. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஆண்கள் கட்டுகிற கைலியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக என் கண்ணில் படவில்லை. பாரம்பரிய உடைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது.

இப்போது பின்னி. ஹோட்டல் நிற்கிற சாலைக்கு அந்தப் பெயர் வந்தது 1797இல் சென்னைக்கு வந்த ஜான் பின்னியால். அவர் வீடு இருந்த இடத்தில்தான் ஹோட்டல் வந்தது என்பார்கள். அவர் தொடங்கிய வியாபாரம் 1814இல் பின்னி அண்ட் கோ ஆனது. அந்தக் கம்பெனி 1876இல் பெரம்பூரில் பக்கிங்காம் மில்லைத் தொடங்கியது, சில வருஷம் கழித்துக் கர்நாடிக் மில்லை. பின்னி சாலை என்றால் சூட். பின்னி மில் என்றால் சங்கு. வடசென்னை அந்தச் சங்குக்குத்தான் எழுந்தது. 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளர்களை மையமாக வைத்துத்தான் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் ஊன்றியவர்கள். திரு.வி.க. உடன் நின்றார். 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு. கம்பெனி வாடியா மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் வாங்கியது. சங்கம் வைத்தால் சிவில் வழக்கில் மாட்டலாம் என்ற அந்த அபாயம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தது. 1921இல் நீண்ட வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மறுபடி துப்பாக்கி. இந்த இடத்தில் இடதுசாரி எழுத்து 'முதலாளியின் பிரித்தாளும் சூழ்ச்சி' என்று ஒரே வரியில் கடந்துவிடும். சூழ்ச்சி இருந்தது. ஆனால் பிளவைக் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. சங்கத்துக்குள்ளும் சேரி வெளியே இருந்தது என்பதைப் பேசாமல் 1921ஐ நமக்கான பாரம்பரியமாக வைத்துக்கொள்ள முடியாது. நம்மிடமும் ஒரு வடிகட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

மில் 1990களின் நடுவில் மூடப்பட்டது. பிறகு பின்னி மில் என்ற பெயரைச் சனங்கள் அதிகமும் கேட்டது சினிமாக்காரர்கள் வாயில். காலியான கொட்டகைகளில் செட்டுப் போட்டு வில்லன் அடி வாங்கினான். நிலம் பகுதி பகுதியாகக் கைமாறி இப்போது அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. ஒரே கம்பெனிப் பெயர். அது குடியிருந்த இடம் பாரம்பரியமாகப் பராமரிக்கப்படுகிறது, உழைப்பு நடந்த இடம் சதுர அடியாகிவிட்டது.

எண்ணூரின் கதை இன்னும் விசித்திரம். ஒருகாலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன இடம் எண்ணூர். காயலின் கரையில் பங்களாக்கள், படகுச் சவாரி. அதாவது ஓய்வின் வரலாறு வடசென்னைக்கும் உண்டு. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது (2017இல் மூடிவிட்டார்கள்), 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம். சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் காயலுக்குள் வந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நடு ராத்திரியில் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். நகரத்தின் தென்பாதியில் குளிர்சாதனம் ஓடுவதற்கான மின்சாரத்தில் ஒரு பங்கு இங்கே எரிகிறது. நான் சொன்ன சுவருக்குப் பின்னாலுள்ள நடைபாதை ஹோட்டலோடு முடிவதில்லை. வடசென்னை மொத்தமும் இந்நகரத்தின் பின்பக்க நடைபாதை. மின்சாரம், பெட்ரோல், நிலக்கரி, மீன் எல்லாம் அது வழியாகத்தான் முன்பக்கத்துக்குப் போகின்றன. விருந்தினர் கண்ணில் படாமல்.

பரிவாரம் என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது. ஹோட்டலில் அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு ரூம் அட்டெண்டென்ட் என்று பெயர். ஸ்டான்லியில் நோயாளியோடு வந்து தங்குகிறவரை அட்டெண்டர் என்கிறார்கள். "அட்டெண்டர் யாரும்மா, வெளிய போங்க." பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வருகிறவர்கள். அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்கென்று மாநகராட்சி காப்பகங்கள் கட்டியிருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் வராந்தாவில், மரத்தடியில், சுற்றுச்சுவர் ஓரமாக நடைபாதையில் துண்டை விரிக்கிறார்கள். துணிப்பை தலையணை, வாட்டர் பாட்டில் பக்கத்தில், செருப்பு தலைமாட்டுக்கு அடியில், யாராவது எடுத்துப் போய்விடாமல். விளக்கைத் தணிக்க ஆள் கிடையாது. தெருவிளக்கு விடியவிடிய எரியும். 1782இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். உள்ளேயிருந்து நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்பதற்காக, பாதிப்பேர் தூங்குவதில்லை.